நிறத்தை எடுத்தால் எது நிற்கும்?

மா. கிருஷ்ணன் (1912–1996) எடுத்த யானைப் படங்களைப் பார்க்கும்போது, வண்ணம் இல்லையே என்ற எண்ணமே எனக்கு எழுவதில்லை. தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டுயிர்களைப் பற்றி அவ்வளவு நுணுக்கமாக எழுதியவர், படமெடுத்தது கறுப்பு-வெள்ளையில். தோலின் மடிப்பு, காய்ந்த சேறு, நெற்றி மேடு, காதுக்குப் பின்னால் விழும் நிழல்: யானையை யானையாகக் காட்ட இவை போதும். பக்கவாட்டில் வெயில் பட்டால் ஒவ்வொரு சுருக்கமும் தனியே எழுந்து நிற்கும். பின்னணியின் பச்சை அங்கே குறுக்கே வந்து கண்ணை இழுக்கிற வேலையைத்தான் செய்யும்.

ஆனால் முற்றிச் சிவந்த செங்காந்தளுக்குக் கறுப்பு-வெள்ளை ஒத்துவராது. சிவப்பும் பச்சையும் நம் கண்ணுக்கு எவ்வளவு எதிரெதிராக இருந்தாலும், வெளிச்ச அளவில் பல சமயம் நெருங்கியவை. நிறத்தை எடுத்ததும் பூவும் இலையும் ஒரே சாம்பலில் கலந்துவிடும். பனங்காடையும் அப்படித்தான். மின்கம்பியில் மங்கலாக உட்கார்ந்திருக்கும் பறவை, சிறகு விரித்த கணத்தில் நீலமாகப் பளிச்சிடும். அந்த நீலம்தான் படம்.

சாம்பலின் அளவை மாற்றவும் வழி உண்டு. சிவப்பு ஃபில்டர் போட்டால் சிவப்பு வெளுக்கும், நீலம் இருளும். 1927 ஏப்ரலில், அமெரிக்காவின் யோசெமிட்டியில் ஹாஃப் டோம் பாறையை நிழற்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் முதலில் மஞ்சள் ஃபில்டரில் எடுத்தார். வானம் வெளிறிவிடும், தான் உணர்ந்த கம்பீரம் பாறைக்கு வராது என்று தோன்றியது. படமெடுக்க மிஞ்சியிருந்தது ஒரே ஒரு கண்ணாடித் தகடு. அடர்சிவப்பு ஃபில்டரை மாட்டி அதில் எடுத்தார். வானம் ஏறக்குறையக் கறுத்துப்போய், பாறை முன்னே வந்து நின்றது. படம் எப்படி இருக்க வேண்டும் என்று பாறைக்கு எதிரே நிற்கும்போதே அவர் முடிவெடுத்துவிட்டார்.

இன்று வண்ணத்தில் எடுபடாத படத்தைக் கணினியில் கறுப்பு-வெள்ளையாக்கிக் காப்பாற்றப் பார்க்கிறோம். எனக்கு அது பிடிப்பதில்லை. எடுபடாத படம் பெரும்பாலும் சாம்பலிலும் எடுபடாது. அதைவிட, கேமராவைக் கறுப்பு-வெள்ளையில் வைத்து, படத்தை ரா (RAW) கோப்பாகச் சேமிக்கலாம். திரையில் சாம்பல் தெரியும். கோப்பில் எல்லா நிறமும் பத்திரமாக இருக்கும். வேடந்தாங்கலுக்குப் போகிறவர்கள் ஒரு காலைப்பொழுது இப்படிப் பார்க்கட்டும். மஞ்சள்மூக்கு நாரையின் வாலருகே இருக்கும் இளஞ்சிவப்பு காணாமல் போகும். தண்ணீரில் நிற்கும் கடம்ப மரங்களின் கிளைப்பின்னலோ கோடு கோடாகத் துலங்கும். நாரைக்காக வந்தவர் வண்ணத்துக்குத் திரும்பிவிடுவார். மரத்தைப் பார்த்து நின்றுவிட்டவருக்கு அந்த அவசியம் இருக்காது.