எட்டு வாட் போதுமா?

அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் 300பி என்ற வால்வை 1938-ல் கொண்டுவந்தது. அதை ஒற்றை வால்வாக வைத்துக் கட்டிய ஆம்ப்ளிஃபயர் ஒரு ஸ்பீக்கருக்குத் தருவது ஏறக்குறைய எட்டு வாட். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்கள் ஐம்பது, நூறு என்று சர்வசாதாரணமாகத் தரும் இந்தக் காலத்திலும் அந்த எட்டு வாட்டைத் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கி வந்த கையோடு அவர்கள் முன் ஒரு கேள்வி வந்து நிற்கும்: இதற்கு எந்த ஸ்பீக்கர் பொருந்தும்?

மதுரைக்கு இது புதிய கேள்வியல்ல. கொடுக்கிறவரின் வலிமை முக்கியமா, வாங்கிக்கொள்கிறவரின் பக்குவம் முக்கியமா என்று சைவமும் வைணவமும் இந்த மண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டிருக்கின்றன. அங்கே பேச்சு அருளைப் பற்றியது. ஆனால் ஸ்பீக்கர் தேர்வை ஒழுங்காகப் புரிந்துகொண்டவருக்கு அந்த வாதத்தின் உள்ளே போக ஒரு வழி கிடைக்கிறது.

முதலில் கணக்கு. ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் ஒலி வருகிறது என்பதுதான் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி. 88 டெசிபல் ஸ்பீக்கருக்கு எட்டு வாட்டையும் கொடுத்தால் 97 வரை வரும். 98 டெசிபல் ஸ்பீக்கர் அதே எட்டு வாட்டில் 107-ஐத் தொடும். முதல் ஸ்பீக்கரில் அந்த 107-ஐ எட்ட வேண்டுமென்றால் எண்பது வாட் வேண்டும். பத்து டெசிபல் வித்தியாசம் என்பது பத்து மடங்கு சக்தி.

இதை மதுரைச் சுற்றுவட்டாரக் கிராமங்கள் எந்தக் கணக்கும் போடாமலே அறிந்திருந்தன. கோயில் திருவிழாவுக்கு மைக் செட்காரர் வேப்ப மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டுவார். சில பத்து வாட் வால்வு ஆம்ப்ளிஃபயர்தான். பாட்டு வயல் தாண்டி அடுத்த ஊருக்குக் கேட்கும். சாதாரணப் பெட்டி ஸ்பீக்கரில், உள்ளே போகும் மின்சக்தியில் ஒரு விழுக்காடு ஒலியானாலே பெரிது. மீதியெல்லாம் சுருளில் சூடாகிப் போகிறது. குழாய் ஸ்பீக்கரில் தகடு சிறியதுதான், ஆனால் மெல்ல விரியும் குழாய் அந்தத் தகட்டின் அசைவை வெளிக்காற்றோடு இணைத்துவிடுகிறது. நன்றாக வடிவமைத்த குழாயில் ஒலியாக மாறும் பங்கு பத்து விழுக்காட்டைத் தாண்டும். பால் கிளிப்ஷ் 1940-களில் வீட்டு மூலைக்கென்று வடிவமைத்த கிளிப்ஷ்ஹார்னும் இந்தக் குழாய்த் தத்துவத்தில் உருவானதுதான்.

சென்சிட்டிவிட்டி மட்டும் போதாது. பெட்டியின் பின்னால், ஸ்பீக்கர் மின்னோட்டத்துக்குக் காட்டும் தடையான இம்பீடன்ஸ் '8 ஓம்' என்று அச்சிட்டிருக்கும். உண்மையில் அந்த எண் சுரத்துக்குச் சுரம் மாறும். ஒரு இடத்தில் மூன்றாக இறங்கும், கீழ்ச்சுரத்தில் முப்பதாகவும் ஏறும். இறங்கும் இடத்தில் ஸ்பீக்கர் மின்னோட்டத்தை அள்ளிக் கேட்கிறது. பெரிய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் ஈடுகொடுத்துவிடும்; எட்டு வாட் வால்வு திணறும். அதன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் 4, 8, 16 ஓம் என்று தனித்தனி முனைகள் இருந்தாலும், ஏறி இறங்கும் ஸ்பீக்கரில் சில சுரங்கள் தூக்கலாகவும் சில அடங்கியும் ஒலிக்கும். ஆகவே பொருத்தமான ஸ்பீக்கர் இப்படி இருக்க வேண்டும்: சென்சிட்டிவிட்டி அதிகம், இம்பீடன்ஸ் சமம், கேட்பது கொஞ்சம். எட்டு வாட் போதுமா என்ற கேள்விக்கு ஆம்ப்ளிஃபயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பயனில்லை. பதில் ஸ்பீக்கரிடம் இருக்கிறது.

சைவ சித்தாந்தமும் பதிலை வாங்குகிறவர் பக்கத்தில்தான் தேடுகிறது. மெய்கண்டாரின் சிவஞானபோதத்திலிருந்து வளர்ந்த அந்த மரபில், இறைவனின் அருள் ஆளுக்கொரு அளவாகப் பங்கிடப்படுவதில்லை. சூரியன் எல்லா மொட்டுக்கும் பொதுவாகத்தான் காய்கிறது. முதிர்ந்த தாமரைதான் அன்று மலர்கிறது. நல்வினை, தீவினை இரண்டையும் ஒன்றாகக் காணும் நிலை இருவினையொப்பு, உயிரை மறைக்கும் அழுக்கான மலம் முதிர்வது மலபரிபாகம். இவை கூடும்போது அருள் பதிவது சத்திநிபாதம். அதிலும் மந்தம், தீவிரம் என்று படிகள் சொன்னார்கள்.

மீனாட்சியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில், சொக்கப்ப நாயக்கன் தெருவில் ஒரு வீடு உண்டு. 1896-ல் அங்கே பதினாறு வயதுப் பையன் ஒருவனை மரண பயம் திடீரென்று பிடித்தது. செத்தவன்போல் படுத்து, சாவது எது என்று உள்ளே விசாரித்தான். எழுந்தபோது அவன் பழைய ஆளாக இல்லை. திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், சில வாரங்களில் திருவண்ணாமலைக்குக் கிளம்பி, பின்னாளில் ரமண மகரிஷி ஆனவர். குரு இல்லை, தீட்சை இல்லை. பெரிய புராணம் படித்திருந்தார், அவ்வளவுதான். அந்தத் தெருவில் எத்தனையோ பேர் அதே கோயில் மணியோசையைக் கேட்டுத்தான் வாழ்ந்தார்கள். வந்தது ஒன்றே என்றால், அந்தப் பையனிடம் மட்டும் அது ஏன் அப்படி ஒலித்தது?

சைவர் பக்குவம் என்பார். மதுரையை அடுத்த யானைமலைப் பக்கம் கொடிக்குளத்தில் வேறு பதில் இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் திருவரங்கம் படையெடுப்புக்கு ஆளானபோது, அரங்கனின் திருமேனியோடு வெளியேறிய பிள்ளை லோகாசாரியர் இங்கேதான் பரமபதம் அடைந்தார் என்பது வைணவ மரபு. ஸ்ரீவசனபூஷணம் எழுதிய அவரும் அவர் வழிவந்த தென்கலையாரும் அருளுக்குக் காரணம் தேடுவதையே மறுத்தார்கள். தகுதி பார்த்துக் கொடுத்தால் அது கூலி. உயிர் செய்ய வேண்டியது, வருவதை விலக்காமல் இருப்பது மட்டுமே.

இரண்டில் எது சரி? ஸ்பீக்கரை வைத்து இறைவனை அளந்துவிட முடியாது. வால்வு ஆம்ப்ளிஃபயரை ஸ்பீக்கர் இணைக்காமல் ஓட்டினால், போக வழியில்லாத சக்தி மின்னழுத்தமாக எகிறி டிரான்ஸ்ஃபார்மரைப் பழுதாக்கக்கூடும். எந்தச் சமயமும் தன் இறைவனை இப்படி வாங்குகிறவரை நம்பி வைத்ததில்லை. தவிர, ஸ்பீக்கருக்கு விருப்பம் கிடையாது, மனிதர் விலகிக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு விஷயத்தில் இந்த ஒப்புமை வலுவாக நிற்கிறது. புது ஸ்பீக்கரின் கூம்பைத் தாங்கும் விளிம்பும் உள்வளையமும் விறைப்பாக இருக்கும். பாட ஆரம்பித்தபின் நாளாக ஆக அவை இளகும். கீழ்ச்சுரம் சற்றே இறங்கி வரும். இளக்குவது யார்? ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் அதே மின்னோட்டம். வாங்கும் பக்குவத்தை, வாங்கப்படுவதே உண்டாக்குகிறது.

சித்தாந்தம் இதற்கும் இடம் வைத்திருக்கிறது. இறைவனின் ஐந்தொழிலில் மறைத்தலும் ஒன்று. உயிரை உலக அனுபவங்களில் உழலவிட்டு மலத்தை முதிர்விப்பது திரோதான சத்தி. அதுவும் அருளின் ஒரு முகமே. நடராசர் வடிவில் ஊன்றிய பாதம் மறைத்தல், தூக்கிய பாதம் அருளல் என்று 'உண்மை விளக்கம்' என்ற நூல் சொல்லும். மதுரை வெள்ளியம்பலத்தில் பெருமான் கால் மாறி ஆடுகிறார். ஊன்றியிருப்பது இடக்கால், தூக்கியிருப்பது வலக்கால். எந்தக் காலானாலும் இரண்டும் ஒருவருடையவைதான். பக்குவமும் அவன் தந்ததென்றால் சைவரும் தென்கலையாரும் அவ்வளவு தூரத்தில் நிற்கவில்லை.

ஆகவே ஸ்பீக்கர் வாங்கக் கிளம்புகிறவர் வாட்டைக் கேட்டு ஏமாற வேண்டாம். சென்சிட்டிவிட்டியையும், இம்பீடன்ஸ் எங்கே எவ்வளவு இறங்குகிறது என்பதையும் கேட்க வேண்டும். சிமென்ட் தரையும் வெறும் சுவருமாக இருக்கும் அறை எதிரொலிக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். முடிந்தால் தன் ஆம்ப்ளிஃபயரையே கடைக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். கூடவே மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரலும், மதுரை சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்களின் நாகசுரமும் இருக்கட்டும். சத்தத்தைக் குறைத்து வைத்தே கேட்க வேண்டும். கூடு மாட்டிய விரல்கள் தவிலின் வலந்தலையில் விழும்போது ஒலி ஒரு நொடி பத்து டெசிபல் எழும்பினாலும் பத்து மடங்கு வாட் தேவை, சோதனை அங்கேதான். அந்த அடி மழுங்காமல் தெறித்து, அதற்கடுத்து நாகசுரக்காரர் மூச்சு வாங்குவதும் கேட்டால், விலை பேச ஆரம்பிக்கலாம்.