மனப்பான்மை யாருடையது?

"அறிவியல் எனக்குப் பிடிக்கும்." எதிரே ஐந்து கட்டங்கள்: முழுவதும் உடன்படுகிறேன் என்பதிலிருந்து முழுவதும் மறுக்கிறேன் என்பது வரை. கல்வியியல் படித்தவர்களுக்கு இந்தப் படிவம் நன்றாகத் தெரியும். பாரி ஃபிரேசர் 1981-ல் ஆஸ்திரேலியாவில் வெளியிட்ட அளவுகோலில் இப்படி 70 கூற்றுகள் உண்டு. மதிப்பெண்களைக் கூட்டி, ஆண்களுக்கு ஒரு சராசரி, பெண்களுக்கு ஒரு சராசரி எடுப்பார்கள். பெண்களுக்குக் குறைந்தால், "மாணவிகளிடம் ஆர்வத்தை வளர்க்க வேண்டும்" என்று கடைசி அத்தியாயத்தில் பரிந்துரை வரும்.

எனக்கு உறுத்துவது அந்தப் பரிந்துரைதான். குறை அவளிடம் இருப்பதாக யார் முடிவு செய்தது?

இங்கிலாந்தில் லூயிஸ் ஆர்ச்சர் குழுவினர் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். பெரும்பாலோருக்கு அறிவியல் வகுப்பு பிடித்திருந்தது. அறிவியலாளராக விரும்பியவர்களோ சுமார் 15 சதவீதம்தான். பிடிப்பது வேறு, "இது எனக்கும் உரியது" என்று தோன்றுவது வேறு.

நாஞ்சில் நாட்டுக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு. இஸ்ரோ தலைவர்களான சிவனும் நாராயணனும் இந்த மண்ணில் பிறந்தவர்கள். எங்கள் பெண்பிள்ளைகள் இதைக் கேட்டு வளர்கிறார்கள், பிளஸ் டூவில் அறிவியல் பிரிவும் எடுக்கிறார்கள். மேற்படிப்புக்கு வெளியூர் என்றதும் வீட்டில் குரல் மாறும்: "மக்களே, அவ்வளவு தூரம் போயா படிக்கணும்? இங்க இல்லாத காலேஜா?" அதே வீட்டுப் பையனிடம் இந்தக் கேள்வி வருவதில்லை.

இந்தியாவில் அறிவியல், பொறியியல் பட்டம் பெறுவோரில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் பெண்கள். ஆய்வாளர்களிலோ ஐந்தில் ஒருவர்கூடப் பெண் இல்லை. பட்டம் வரை வந்தவளின் ஆர்வத்தையா இதற்குக் காரணம் சொல்வது?

அன்னா மாணியை நினைத்துக்கொள்கிறேன். 1918-ல் பீர்மேட்டில் பிறந்தவர். அன்று பீர்மேடும் எங்கள் ஊரும் ஒரே திருவிதாங்கூர். சி. வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் வைரம், மாணிக்கக் கற்களின் ஒளிர்வை ஆராய்ந்து, 1942-45க்குள் ஐந்து கட்டுரைகள் தனியாக எழுதினார். முதுகலைப் பட்டம் இல்லை என்று சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தரவில்லை. பிறகு வானிலைக் கருவிகளில் வல்லுநரானார், நாடு முழுவதும் காற்றின் ஆற்றலை அளந்து தொகுத்தார். ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைப் பார்த்தபடி பஸ்ஸில் போகும் எங்கள் மாணவிகளில் எத்தனை பேருக்கு அவர் பெயரைச் சொல்லியிருக்கிறோம்?

நல்ல ஆசிரியரால் ஆர்வம் வளரும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் "அறிவியலாளராவேன்" என்ற கூற்றுக்கு எதிரே ஒரு பெண் "மறுக்கிறேன்" என்று குறித்தால், தன்னைச் சுற்றிப் பார்த்ததை வைத்து அவள் முடிவுக்கு வந்திருக்கலாம். உற்றுநோக்கு, பிறகு முடிவு சொல் என்று அறிவியல் வகுப்பில் நாம்தானே கற்றுக்கொடுத்தோம்! அந்த முடிவை ஆர்வக் குறைவு என்று எழுதுவது அவளுக்கு அநீதி.

சமையல் மீது மாணவர்களின் மனப்பான்மையை அளந்து, "ஆண்பிள்ளைகளிடம் ஆர்வத்தை வளர்க்க வேண்டும்" என்று யாரும் பரிந்துரைத்து நான் படித்ததில்லை. யாரிடம் எதைக் கேட்கிறோம் என்பதிலேயே நம் மனப்பான்மை தெரிந்துவிடுகிறது. அடுத்த படிவத்தை அப்பாக்களிடமும் தலைமையாசிரியர்களிடமும் கொடுத்துப் பார்க்கலாம். முதல் கூற்று இப்படி இருக்கட்டும்: "என் மகளின் ஹாஸ்டல் கட்டணத்தை, மகனுக்குக் கட்டுவதுபோலவே கட்டுவேன்." கட்டங்கள் அதே ஐந்துதான்.