செல்லாத சீட்டு

வங்கிக் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் நாளில் பத்துத் தடவையாவது உச்சரிக்க வேண்டியிருக்கும் சொல் 'செல்லாது'. கையெழுத்து மாறினால் செல்லாது. தேதி கடந்த காசோலை செல்லாது. 2016 நவம்பர் 8-க்குப் பிறகு சில வாரங்கள் இந்த ஒரு சொல்லைத் தவிர வேறெதையும் நான் பேசியதாக நினைவில்லை. ஆனால் இதை நான் முதலில் சொன்னது வங்கியில் அல்ல. பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளி வீட்டுத் திண்ணையில், பத்து வயதில். அன்று அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்யதை இருந்தது என்ற கேள்வி சமீபத்தில் கிளம்பி என்னைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. மதிப்பீடு, மதிப்பீடு என்று ஓயாமல் எழுதிக்கொண்டிருக்கிற நமக்கு அதில் கொஞ்சம் பங்கு உண்டு என்று தோன்றுவதால் இங்கே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் தெருப் பையன்களுக்கு ட்ரம்ப் கார்டு பைத்தியம். அமெரிக்க மல்யுத்தக்காரர்களின் வண்ணப்படம், கீழே ரேங்க், உயரம், எடை, மார்பு, பைசெப்ஸ், போட்ட சண்டைகள், ஜெயித்த சண்டைகள் என்று எண்கள். மேலே இருக்கும் அட்டையைப் பார்த்துக்கொண்டு ஒருவன் ஏதாவது ஒரு வரியைச் சொல்லவேண்டும். எவன் எண் பெரிதோ எதிராளியின் அட்டை அவனுக்கு. (ரேங்க்கில் மட்டும் சின்ன எண் பெரிது. வாழ்க்கையில் பின்னால் உபயோகப்பட்ட ஒரே பாடம் அதுதான்.) யோகோசூனா வந்தால் எடை, ஜயன்ட் கான்சலஸ் வந்தால் உயரம் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் தெருவில் ஒரு கூடுதல் சட்டம்: ஜெயித்த அட்டை ஜெயித்தவனுக்கே சொந்தம். திருப்பித் தரவேண்டியதில்லை.

என் சிநேகிதன் ஒருவன் யோகோசூனாவைத் தோற்றுவிட்டான். புதுக் கட்டு வாங்க வீட்டில் காசு கிடைக்காது. அவன் அப்பாவின் தறியில் ஜக்கார்டு பெட்டிக்கு மாட்டும் துளை அட்டைகள் உண்டு. துளை இருக்கிற இடத்தில் பாவு இழை மேலே எழும்பும், இல்லாத இடத்தில் எழும்பாது. அப்படித்தான் கரையில் யாளியும் அன்னமும் வருகின்றன. தேய்ந்து கழித்துப் போட்ட அட்டைகளில் இரண்டை ஒன்றாக ஒட்டி, மேலே வெள்ளைக் காகிதம் ஒட்டி, அதில் யோகோசூனாவை வரைந்துகொண்டு வந்தான். கொண்டையும் தொப்பையும் அச்சாக இருந்தன. கீழே எண்கள், வரிசை பிசகாமல். ஆட்டத்துக்கு வேண்டியது எல்லாம் அதில் இருந்தது.

'செல்லாது' என்றேன். மற்றவர்களும் 'ஆமாம், செல்லாது' என்றார்கள். அவன் விவாதிக்கவில்லை. அட்டையைத் திண்ணையிலேயே விட்டுவிட்டுப் போனான். நான் அதை எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். என்னிடமிருந்த அண்டர்டேக்கர் அட்டையின் ஒரு மூலையை மடக்கி நிமிர்த்தி வைத்திருந்தேன். யார் கட்டில் போய்ச் சேர்ந்தாலும் முதுகைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிடும். அச்சடித்த அட்டையை வைத்துக்கொண்டு நான் ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அது செல்லும்.

2021 ஜனவரியில் ஒரு சீட்டு 5,11,100 டாலருக்கு ஏலம் போயிற்று. அப்போதைய மாற்றில் சுமார் 3.7 கோடி ரூபாய். அதன் பெயர் கறுப்புத் தாமரை. மேஜிக்: த கேதரிங் என்று ஒரு சீட்டாட்டம். ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணிதக்காரர் உருவாக்கி 1993 ஆகஸ்டில் வெளிவந்தது. ஆல்ஃபா என்று அழைக்கப்படும் அந்த முதல் அச்சில் அபூர்வ வகைச் சீட்டு ஒவ்வொன்றும் சுமார் 1,100 பிரதிகள்தான். நம் சிறுபத்திரிகை கணக்கில் பார்த்தால் இது பெரிய சர்குலேஷன்.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அந்த ஆட்டத்தின் ஆதி விதிகளில் பணயம் உண்டு. ஆளுக்கொரு சீட்டை முன்னால் ஒதுக்கி வைத்து, ஜெயித்தவன் இரண்டையும் எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் தெருச் சட்டமேதான். சீட்டு கைமாற வேண்டும், ஊர் ஊராகப் போகவேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். பணயம் வைக்க யாருக்கும் மனசு வரவில்லை. அந்த விதி வழக்கொழிந்தது. கறுப்புத் தாமரை ஆட்டத்தில் செய்யும் வேலையும் கவனிக்கத்தக்கது. அதை இறக்கச் செலவு கிடையாது. இறக்கியதும் பலி கொடுத்துவிடலாம். பலி கொடுத்தால் மூன்று பங்கு சக்தி கிடைக்கும். அதாவது, செலவழிந்து போவதற்கென்றே வரையப்பட்ட சீட்டு. அதைத்தான் இன்று யாரும் தொடாதபடி பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்து, மூலை, ஓரம், மேற்பரப்பு, படம் நடுவில் இருக்கிறதா என்றெல்லாம் பரிசோதித்துப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு வைத்திருக்கிறார்கள். பத்துக்குப் பத்து என்றால், இதை வைத்து ஒருவனும் உருப்படியாக விளையாடியதில்லை என்பதற்கான அத்தாட்சி.

1995-இல் கம்பெனி பழைய சீட்டுகள் பலவற்றை மறுபடி அச்சடித்து விற்றது. சேகரிப்பவர்கள் கொதித்துப்போனார்கள். 1996-இல் கம்பெனி ஒரு வாக்குக் கொடுத்தது: இன்னின்ன சீட்டுகளை இனி ஒருபோதும் அச்சடிக்கமாட்டோம். நிற்கிறது அந்த வாக்கு. அட்டையும் மையும் காசு பெறாத சமாச்சாரம். கோடிகளைத் தாங்குவது 'இனி கிடையாது' என்ற ஒரு வாக்கியம். 2022-இல் முப்பதாவது ஆண்டு என்று அதே சீட்டுகளை வேறு முதுகோடு அச்சடித்து, பதினைந்து சீட்டு கொண்ட நான்கு பொட்டலங்கள் 999 டாலர் என்று கம்பெனியே விற்றது. போட்டிகளில் அவை செல்லா. படம் அதே, விதி அதே, அச்சடித்தவனும் அவனே. செல்லாது என்பதையும் அவனே சொல்கிறான். செல்லாததற்கு அவ்வளவு விலையும் வைக்கிறான். தங்கள் சாதுர்யத்தை இவ்வளவு வெளிப்படையாக வைக்கும் வியாபாரிகளிடம் எனக்கு மரியாதை உண்டு.

இயந்திரப் பிரதிகளின் காலத்தில் கலைப்பொருளின் தேஜஸ் வற்றிப்போகிறது என்று 1936-இல் வால்டர் பெஞ்சமின் எழுதியதை நாம் அடிக்கடி மேற்கோளாக எடுத்துப்போடுகிறோம். அவர் எதிர்பாராத ஒன்று நடந்திருக்கிறது. இயந்திரம் தான் துப்பிய பிரதிகளில் சிலவற்றுக்கே தேஜஸ் ஏற்றிவிட்டது. அதற்கு அது செய்யவேண்டியிருந்தது ஒன்றுதான், நிறுத்துவது. எங்கள் கிளையில் நகை மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்க்கும்போது இதற்கு நேர் எதிரான தரிசனம் கிடைக்கும். அவருக்கு வேலைப்பாடு கணக்கில் இல்லை, பாட்டியின் கழுத்து கணக்கில் இல்லை, எடையும் மாற்றும்தான். பழைய பட்டுப்புடவையை வாங்கிப் போகிறவர்களும் அப்படியே. இரண்டு மாதம் உட்கார்ந்து கோர்வை போட்ட கரையை எரித்து வெள்ளியை எடுத்துக்கொள்கிறார்கள். கொடூரம்தான். ஆனாலும் அவர்கள் ஸ்தூலமான ஒன்றைத் தொட்டுப் பார்த்துத்தான் விலை சொல்கிறார்கள்.

நம் நாட்டுச் சீட்டுகளின் கதை வேறு மாதிரி. கஞ்சிஃபா என்ற வட்டச் சீட்டுகள் மொகலாயர்களோடு பரவி, பிறகு மைசூரிலும் மகாராஷ்டிரத்தின் சாவந்த்வாடியிலும் தசாவதாரக் கட்டாக உருமாறின. பத்து அவதாரம், அவதாரத்துக்குப் பன்னிரண்டு, ஆக 120 சீட்டுகள். பகலில் ஆடினால் ராமனின் ராஜா வைத்திருப்பவர் ஆட்டத்தைத் தொடங்கவேண்டும். இரவில் கிருஷ்ணனின் ராஜா. வெளியே வெளிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே ஆடவேண்டிய ஆட்டம்! அரண்மனைக்குத் தந்தத்தில். மற்றவர்களுக்குத் துணியிலோ காகிதத்திலோ புளியங்கொட்டைப் பசை தடவி, அரக்குப் பூசி. இவற்றை உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் ருடால்ஃப் வான் லைடன், ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு 1933-இல் பம்பாய் வந்து கலை விமர்சகராக இருந்தவர். அவருடைய கஞ்சிஃபா நூலை 1982-இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் வெளியிட்டது. அவர் சேகரித்திராவிட்டால் பல கட்டுகள் குப்பைக்குப் போயிருக்கும். அதனால் சேகரிப்பவனை ஒரேயடியாகத் திட்டிவிட எனக்கு வாய் வரவில்லை. இருந்தும், இன்று ஓவியர் வரைந்துதரும் கட்டு பெரும்பாலும் சட்டத்துக்குள் போய்ச் சுவரில் தொங்குகிறது. ஆடத் தெரிந்தவர்கள் சொற்பம்.

நான் சொல்ல வந்தது அந்தக் கட்டுகளின் இயல்பு. கையால் வரையப்பட்டது என்பதால் ஒரு சீட்டு தொலைந்தால் இன்னொன்று வரைந்து சேர்த்துவிட்டால் ஆயிற்று. பழைய கட்டுகளில் அப்படி வேறு கை வரைந்த சீட்டு கலந்திருப்பதுண்டு. கோடு கொஞ்சம் தடித்திருக்கும், பச்சை கொஞ்சம் மாறியிருக்கும். ஆடியவர்கள் பொருட்படுத்தவில்லை. அந்தத் தேசத்தில் என் சிநேகிதன் ஒரு ஓவியன். எங்கள் திண்ணையில் அவன் ஒரு ஃப்ராடு.

காஞ்சிபுரத்துக்காரனுக்கு அபூர்வம் என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்கவேண்டாம். அனந்தசரஸ் குளத்து நீருக்கடியில் கிடக்கும் அத்திவரதர் 1979-க்குப் பிறகு 2019-இல்தான் மேலே வந்தார். ஜூலை 1 தொடங்கி ஆகஸ்ட் 17 வரை 48 நாட்கள். முதலில் சயனத்தில், ஆகஸ்டில் நின்ற கோலத்தில். நானும் வரிசையில் ஒரு பகல் முழுக்க நின்றேன். பக்தியா, விட்டால் நாற்பது வருஷம் ஆகுமே என்ற கணக்கா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. ஆனால் இந்தக் கதையில் ஒரு விசேஷம் உண்டு. மர மூர்த்தி நீருக்குள் போனபின் பழையசீவரத்திலிருந்து வந்து நின்ற கல் மூர்த்தியே இப்போதைய மூலவர் என்பது ஐதீகம். மலைமேல் தினமும் பூஜை கொள்வது பதிலுக்கு வந்தவர். அவர் செல்லாது என்று இந்த ஊரில் எவனும் சொன்னதில்லை. பழையவரும் குறைந்துபோகவில்லை, வந்தவரும் குறைந்துபோகவில்லை.

நம்மிடம் வருகிறேன். 1959 முதல் 1970 வரை வந்த 'எழுத்து' இதழ்களை வைத்திருக்கும் ஒரு நண்பர் அவற்றைப் பாலிதீன் உறைக்குள் போட்டு வைத்திருக்கிறார். நான் புரட்ட ஆரம்பித்ததும் 'பார்த்து, பார்த்து' என்றார். அவருடைய பதற்றம் எனக்குப் புரிந்தது. அந்தக் காகிதம் விரல் பட்டால் பொடிகிறது. ஆனால் செல்லப்பா அதைத் தோளில் சுமந்துகொண்டு போய் விற்றது யாராவது புரட்டவேண்டும் என்பதற்காக. அதிலுள்ள ஒரு கட்டுரை பற்றிக் கேட்டேன். நண்பர் வாசித்திருக்கவில்லை. முதல் இதழ் இருக்கிறது, பன்னிரண்டாவது இல்லை, இன்னாரிடம் இருக்கிறது, தரமாட்டேன் என்கிறார் என்று போயிற்று பேச்சு. ஜெராக்ஸ் கிடைக்குமே என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அந்தத் திண்ணை இருந்தது.

போன மாதம் சிநேகிதன் எங்கள் கிளைக்கு வந்தான், நகைக்கடனுக்கு. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. தறி போய்ப் பல வருஷமாயிற்று. கவுன்டரில் என்னை 'சார்' என்றான். வெளியே டீக்கடையில் 'டா' வந்தது. ஜக்கார்டு பெட்டியை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "எடைக்குப் போட்டோம். அட்டையெல்லாம் மழையில ஊறிப்போச்சு" என்றான். நான் தைரியம் வரவழைத்துக்கொண்டு யோகோசூனா விஷயத்தை எடுத்தேன். அன்றைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று ஏதோ உளறினேன். மூலை மடக்கிய சமாச்சாரத்தையும் சொன்னேன்.

அவன் சிரித்தான். "அது தெரியுமேடா. நான் மட்டும் என்ன? எடையில நூறு கூட்டித்தானே போட்டிருந்தேன். ஒருத்தனும் பாக்கலியே."

உண்மைதான். அச்சடித்ததா, வரைந்ததா என்றுதான் பார்த்தோம். நான்கு பேர் தலைகவிழ்ந்து சோதித்தோம், துளை தெரிகிறதா என்று தடவிக்கூடப் பார்த்தோம். எண்ணை எவனும் படிக்கவில்லை. செல்லாது என்று நான் சொன்னது சரிதான் என்றால், நான் சொன்ன காரணத்துக்காக அல்ல. தவறு என்றால், இத்தனை வருஷம் நான் நினைத்துக்கொண்டிருந்த தவறும் அல்ல.

அன்று இரவு டிரங்குப் பெட்டியைக் குடைந்தேன். அச்சடித்த அட்டைகள் ஒன்றும் மிஞ்சவில்லை, அண்டர்டேக்கர் உட்பட. இது மட்டும் இருந்தது. கொண்டை மங்கியிருக்கிறது. எடை என்ற வரியில் மூன்று இலக்கம். ஒட்டிய காகிதம் கீழே துளை இருந்த இடத்தில் கிழிந்து, முதல் இலக்கம் அதோடு போய்விட்டது.