அறியாமல் இழப்பது துறவாகுமா?

இழப்புகளில் இருவகை உண்டு. கண்முன்னே நிகழ்வது ஒன்று. நிகழ்ந்ததே தெரியாமல், ஆண்டுகள் பல கழிந்தபின் வந்து கதவைத் தட்டுவது மற்றொன்று. முன்னதை அழுது தீர்க்கலாம். பின்னதோ, 'முன்பே ஒருவர் சொல்லியிருக்கலாகாதா?' என்னும் கேள்வியாக உள்ளத்தில் தங்கிவிடுகிறது. புற்றுநோயினின்று பிழைத்தெழுந்த இளையோர் பலரின் பிள்ளைப்பேறின்மை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

மருத்துவ உண்மையை முதலில் காண்போம். விரைந்து பெருகும் அணுக்களைத் தாக்குவது கீமோதெரபி மருந்துகளின் இயல்பு. அவற்றுள் சைக்ளோபாஸ்ஃபமைடு போன்றவை, பெண்ணின் சினைப்பையில் பிறவியிலேயே அமைந்துள்ள முட்டைகளையும், ஆணிடம் விந்தணுக்களைத் தோற்றுவிக்கும் ஆற்றலையும் அழிக்க வல்லவை. அடிவயிற்றில் செலுத்தப்படும் கதிர்வீச்சும் அத்தகையதே. கேட்டின் அளவு மருந்துக்கு மருந்து, வயதுக்கு வயது வேறுபடும். காக்கும் வழிகள் சில உள்ளன. ஆயினும் அவை பெரும்பாலும் சிகிச்சை தொடங்குமுன் செய்யத்தக்கவை. முட்டைகளை எடுத்துச் சேமிக்க ஏறத்தாழ இரண்டு வாரங்கள் தேவை. எனவேதான் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் கழகம், சிகிச்சைக்கு முன்னரே இதுபற்றி நோயாளரிடம் பேச வேண்டுமென 2006-ஆம் ஆண்டிலேயே நெறிமுறை வகுத்தது.

பேச வேண்டியவர் யார்? மருத்துவரின் கவலை உயிரைக் காப்பது. பெற்றோரோ, 'பிள்ளை பிழைத்தால் போதும்' என்னும் ஒரே மன்றாட்டில் இருக்கின்றனர். 22 வயதுடைய, திருமணம் ஆகாத பெண் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். அவளிடம் கருப்பையைப் பற்றியும் நாளைய மகப்பேற்றைப் பற்றியும் பேசுவது நம் குடும்பங்களில் நாகரிகமாகக் கருதப்படுவதில்லை. அவளும் தந்தையின் முன் வாய் திறவாள். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும் நீண்ட மணிநேரங்களில் அவளருகே வந்துபோகிறவர் செவிலியர் ஒருவரே. இளைஞன் ஒருவன் தாயிடம் கேட்கக் கூசுவதையும் அவரிடமே கேட்கிறான். ஆகவே கேள்வி செவிலியரிடம் வந்து சேருகிறது.

அச்செவிலியர் கத்தோலிக்கராயின் அவர் மனச்சான்றில் ஒரு நெருடல் எழுவது இயல்பு. திருச்சபையின் போதனையை நாம் அறிவோம். நோயைக் குணமாக்கத் தேவையான சிகிச்சை பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்திருப்பினும், அத்தடையையே நேரடியாக நாடாதவரை அது குற்றமன்று என்று திருத்தந்தை ஆறாம் பவுலின் 'ஹுமானே வீத்தே' சுற்றுமடல் 1968-இல் தெளிவுபடுத்தியது. அதே வேளையில், கணவன் மனைவியரின் அன்புறவிலிருந்து பிரித்துச் சோதனைக் கூடத்தில் உயிரைத் தோற்றுவிப்பதையும், கருக்களை உறையவைப்பதையும் 1987-இல் வெளிவந்த 'தோனும் வீத்தே' ஏற்கவில்லை. செயற்கைக் கருத்தரிப்பை நோக்கி முட்டைகளை உறையவைப்பதையும் 2008-இல் வெளிவந்த 'திக்னித்தாஸ் பெர்சோனே' ஏற்கவில்லை. குழந்தை கொடையேயன்றி உரிமைப்பொருள் அன்று என்பதே இவற்றின் அடிநாதம்.

'அப்படியானால் நான் பேசாதிருப்பதே நலம்' என்று செவிலியர் முடிவு செய்யலாமா? ஆகாது என்பதே நம் துணிபு. காரணங்கள் மூன்று.

முதலாவது, விலக்கத்தக்கவை மட்டுமே வழிகள் அல்ல. கதிர்வீச்சு படாத இடத்திற்குச் சினைப்பையை அறுவை மூலம் நகர்த்தி வைக்கலாம். சிகிச்சைக் காலத்தில் சினைப்பையை உறங்கச் செய்யும் ஊசி மருந்தும் சிலருக்குப் பயன்படுகிறது. சினைப்பைத் திசுவை எடுத்து உறையவைத்து, நோய் நீங்கியபின் அதே பெண்ணின் உடலில் பொருத்தும் முறையில் பிறந்த முதற்குழந்தை பற்றிய செய்தி 2004-இல் பெல்ஜியத்திலிருந்து வந்தது. அதன்பின் இல்லற உறவின் வழியே இயல்பாகக் கரு உண்டாகுமாயின், அதனைத் தவறெனக் கொள்ள இயலாது என்று கூறும் கத்தோலிக்க ஒழுக்கவியலாரும் உளர். இரத்தப் புற்றுநோய் போன்றவற்றில் திசுவோடு நோயும் திரும்பக்கூடும் என்பதால் இம்முறை எல்லார்க்கும் ஏற்றதன்று. செவிலியர் வாய்மூடினால் தகுந்த வழியும் தகாத வழியோடு சேர்ந்து அடைபட்டுவிடும்.

இரண்டாவது, அறிவித்தல் வேறு, செய்தல் வேறு. தம் மனச்சான்று ஒப்பாத செயலில் கைகொடுக்கச் செவிலியர் மறுக்கலாம். நோயாளருக்கு நேரவிருக்கும் இழப்பை மறைக்க அவருக்கு உரிமை இல்லை. பக்கத்துப் படுக்கையில் இருப்பவர் இந்துவாகவோ இசுலாமியராகவோ இருக்கலாம். தம் உடலுக்கு நேர்வதை அறியும் உரிமை அவருக்கும் உண்டு.

மூன்றாவது காரணமே முதன்மையானது. நம்பிக்கை கொண்ட பெண் ஒருத்தி, எல்லாம் அறிந்தபின், திருச்சபையின் போதனையைத் தாங்கி, 'இவ்வழி எனக்கு வேண்டா' என்று ஒதுக்குகிறாள் என்று கொள்வோம். அது துறவு, அதற்குச் சிலுவையின் மணம் உண்டு. அதே வழி உண்டென்றே அவளுக்குச் சொல்லப்படவில்லையெனில், அவள் துறந்தது எதனை? கையில் இல்லாததைக் காணிக்கையாக்க எவராலும் இயலாது. அவளுடைய நல்மனத்தை நம்பாமல் அவள் சார்பில் நாமே முடிவெடுப்பது பக்தியைப்போல் தோன்றினும், உண்மையில் அவளது பலிபீடத்திலிருந்து அவளது காணிக்கையைத் திருடுவதாகும்.

எதிர்ப்புறத்திலும் ஒரு படுகுழி உண்டு. நம்பிக்கையை விற்பனைப் பொருளாக்குவது அது. சேமித்த முட்டை யாவும் குழந்தையாவதில்லை. செலவோ ஏழைக் குடும்பம் தாங்கும் தரத்ததன்று. தாலியை அடகு வைத்துச் சேமித்தபின் ஏமாந்து நிற்பவளின் துயர் இருமடங்கு. ஆகவே செவிலியர் அளவோடு பேச வேண்டும். தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லி, தகுந்த மருத்துவரிடம் உடனே அனுப்ப வேண்டும். அதன்பின் அவளது அழுகைக்கு இடம்கொடுத்து அருகிருக்க வேண்டும். நோயாளரைத் தன் ஒரே பிள்ளையைப் பேணும் தாயைப்போல் பேணுமாறு தம் துணைவர்க்குக் கற்பித்தவர் புனித கமில்லஸ். அவரைச் செவிலியரின் பாதுகாவலராகத் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் 1930-இல் அறிவித்தது பொருத்தமே.

சீலோவில் அன்னா பிள்ளைவரம் வேண்டி அழுதபோது அவளுடைய உதடுகள் மட்டுமே அசைந்தன. குரு ஏலி அதைக் கண்டு அவள் குடித்திருப்பதாக எண்ணினார். கோவிலில் இருந்தவரே அவளது துயரைத் தவறாகப் படித்தார். ஆயினும் அவள் விளக்கியபோது செவிமடுத்தார், ஆசி கூறினார். மருத்துவமனைப் படுக்கையிலும் உதடுகள் அசைகின்றன, ஒலி எழுவதில்லை. அதைப் படிப்பதற்குப் பயிற்சியும் பொறுமையும் வேண்டும். நம் கத்தோலிக்க மருத்துவமனைகளும் செவிலியர் பள்ளிகளும் இப்பயிற்சியை மருந்தளவு கற்பிக்கும் அதே கண்டிப்போடு கற்பிக்கட்டும்.

இறைமக்களாகிய நமக்கும் பங்குண்டு. பிழைத்து வந்தவளிடம் திருமண வீட்டில், 'விசேஷம் ஏதும் இல்லையா?' என்று வினவும் நாவு, மருந்து செய்த காயத்தை மீண்டும் கீறுகிறது. வளைகாப்பில் அவளை ஒதுக்கி அமர்த்தும் கரமும் அவ்வாறே. பிள்ளையைப் பெற்றவளுக்கு மட்டுமே முழுமதிப்பு என்று நாம் நடந்துகொண்டால், திருச்சபை விலக்கும் வழிகளை நாடி அவளை ஓடச் செய்தவர்கள் நாமே. குழந்தை கொடை என்று நாம் உண்மையாகவே நம்பினால், அக்கொடை கிட்டாதவளும் நம் நடுவே கொடையே என்பதை நம் சொல்லும் செயலும் காட்டட்டும்.