எதிர்ப் பக்கத்துச் செய்தி

என்னிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. இடப் பக்கம் ஒரு பாட்டு. வலப் பக்கம் அந்தப் பாட்டைத் தொடுகிற ஆராய்ச்சிச் செய்தி, நாளிதழிலிருந்து வெட்டி ஒட்டியது.

முதல் பாட்டு, சித்தையன்கோட்டை வீட்டு மொட்டை மாடியில் பேத்திக்குச் சோறூட்டும்போது பாடும் நிலாப் பாட்டு. அம்மா எனக்குப் பாடியது. அதன் எதிரே 2024 ஆகஸ்ட் செய்தி. சந்திரயான்-3 இறங்கிய இடத்தருகே பிரக்யான் ஊர்தி 23 இடங்களில் மண்ணைச் சோதித்தது. அந்த அளவுகளை ஆராய்ந்த அகமதாபாத் விஞ்ஞானிகள், நிலா தொடக்கத்தில் உருகிய பாறைக் கடலாக இருந்தது என்ற கருத்துக்கு வலு சேர்த்தார்கள். எடை குறைந்த அனார்த்தசைட் பாறை மேலே மிதந்து ஓடாக இறுகியதாம். அதே வகைப் பாறை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடக்கிறது. அதைப் பொடித்து, நிலா மண்ணாகப் பரப்பித்தான் இஸ்ரோ தன் சோதனைகளைச் செய்தது. நாங்கள் வானத்தைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். அதன் மண்ணோ கரூரைத் தாண்டினால் இருந்திருக்கிறது!

என்னை அதிகம் நிறுத்துவது பாரதியின் ‘சாதாரண வருஷத்துத் தூமகேது’. 1910-ல் ஹாலி வால்நட்சத்திரம் வந்தபோது எழுதியது. அதன் இயல்பைக்கூட அயலார் சொல்லித்தானே அறிகிறோம், தெளிந்தவர் நம்மில் இல்லையே என்று அதில் வருந்துகிறார். அந்த வருத்தம் நியாயமானது. எங்கள் ஊருக்கு மேற்கே தெரிகிற மலைத்தொடரின் உயரத்தில், கொடைக்கானல் ஆய்வகத்தில், அதே வருஷம் அந்த வால்நட்சத்திரத்தைப் படம் பிடித்தவர் எவர்ஷெட் என்ற ஆங்கிலேயர்.

செய்தியை மட்டும் படித்தால் மறுநாளே மறந்துபோகிறது. பாட்டோடு சேர்த்துப் படிக்கும்போதுதான், இதற்காக ஒருவர் முன்பே ஏங்கிக் காத்திருந்தது தெரிகிறது. 2023-ல் சந்திரயான்-3 இறங்கியதும், அதன் திட்ட இயக்குநர் விழுப்புரத்து வீரமுத்துவேல் என்ற செய்தியை நிலாப் பாட்டுக்கு எதிரே ஒட்ட மனம் வரவில்லை. பாரதிக்கு எதிரே ஒட்டினேன். 113 வருஷம் கழித்து அவருக்குப் பதில் கடிதம் போட்டதுபோல் இருந்தது.

ஹாலி 2023 டிசம்பரில் சூரியனிலிருந்து தன் தொலைதூரப் புள்ளியைத் தொட்டுத் திரும்பிவிட்டது, 2061-ல் வரும். அது உதிர்த்துப்போன தூசி மட்டும் ஆண்டுதோறும் அக்டோபரில் எரிந்து வானில் கோடிழுக்கிறது. சென்ற அக்டோபரில் விடியலுக்கு முன் பேத்தியை மாடிக்குத் தூக்கிப் போனேன். இரண்டு பார்த்தோம். மூன்றாவது விழுவதற்குள் தோளிலேயே தூங்கிவிட்டாள்.