ஏட்டிலே ஏன் ஆண்டவன்?

ஐந்தாண்டு நிறைந்த குழந்தை பள்ளியின் வாயிலிலே வந்து நிற்கிறது. பெயரைக் கேட்கிறோம், மழலையில் சொல்கிறது. ஊரைக் கேட்கிறோம், சொல்கிறது. மதம் என்ன என்று கேட்கிறோம், தந்தையின் முகத்தைப் பார்க்கிறது! அறியாத ஒன்றை, ஆராய்ந்து ஏற்காத ஒன்றை, அதன் பெயருக்கு நேரே எழுதி வைக்கிறோம்.

முன்பு அந்தப் பதிவேடு தலைமையாசிரியரின் அலமாரியிலே பூட்டிக் கிடந்தது. கரையான் அரித்தால் கதை முடிந்தது. இன்றோ, எமிஸ் எனும் கணினித் தளத்திலே ஏறுகிறது. மதம், சாதி, குடும்ப வருவாய், உடற்குறை, கைப்பேசி எண் அத்தனையும் ஓரிடத்தில்! கணினியைக் கரையான் அரிப்பதில்லை.

கோயிலுக்குச் செல்பவர் செல்லட்டும், தொழுபவர் தொழட்டும், தடுப்பார் யாருமில்லை. ஒருவன் எதை நம்புகிறான், எதை நம்ப மறுக்கிறான் என்பதை அரசும் பள்ளியும் அறிந்தே தீர வேண்டுமா என்பதுதான் நம் கேள்வி.

அரசுப் பணத்தால் மட்டுமே நடைபெறும் கல்விக்கூடத்திலே மதபோதனை கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 28-ஆம் விதி. அரசின் ஏற்பையோ உதவியையோ பெற்ற பிற பள்ளிகளிலும், இசைவின்றி எவரையும் மதபோதனையிலோ வழிபாட்டிலோ பங்குகொள்ளச் செய்தல் ஆகாது. சிறுவராயின் காப்பாளரின் இசைவு வேண்டும். நல்ல விதிதான். ஆனால் நடைமுறையை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! இறைவணக்க வேளையில், 'எனக்கு இதில் இசைவில்லை' என்று ஒரு சிறுவன் விலகி நிற்கிறான். அவனை நூறு கண்கள் நோக்குகின்றன. உரிமை வேண்டுமானால் உள்ளத்தைத் திறந்து காட்டு என்றல்லவா ஆகிறது! மறைத்துக்கொள்ள இடமில்லாத மனத்திற்கு எப்படி வரும் உரிமை?

"மடியிலே கனமில்லை என்றால் வழியிலே பயமேன்?" என்று கேட்போர் உண்டு. நெதர்லாந்து நாட்டு மக்களின் மடியிலே என்ன கனம் இருந்தது? நிர்வாகம் செவ்வனே நடக்கட்டும் என்று, மக்கட் பதிவேட்டிலே மதத்தையும் குறித்து வைத்தார்கள். 1940-இல் நாஜிப் படை நுழைந்தது. ஏடு மாறவில்லை; ஏட்டைப் புரட்டிய கை மாறிற்று! ஏறத்தாழ 1,40,000 யூதர்களில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏடு ஒன்றே காரணம் என்று கூறமாட்டேன். வீடு தேடிச் செல்ல வழி காட்டியது அது. 1943 மார்ச் 27 இரவு, வில்லெம் அரோண்டேயஸ் எனும் ஓவியரும் தோழர்களும் ஆம்ஸ்டர்டாம் பதிவகத்துக்குத் தீ வைத்தார்கள். ஒரு பகுதி ஏடுகளே அழிந்தன. அவர்கள் பிடிபட்டார்கள், சூலைத் திங்களில் அரோண்டேயஸ் சுட்டுக் கொல்லப்பட்டார்.

"அப்படியானால் சாதிக் கட்டத்தையும் அழித்துவிடு" என்று துள்ளி வருவோர் சிலர். அவர்களுடைய துள்ளலின் காரணம் நமக்குத் தெரியும்! 1921-இல் நீதிக்கட்சி ஆட்சி வகுப்புவாரி ஆணை பிறப்பித்தது, யாருக்கு எத்தனை இடம் என்று எண்ணிப் பார்த்ததால்தான். கணக்கெடுக்காமல் பங்கு கேட்பது எங்ஙனம்? சாதியைக் கேட்பது, சாதி இழைத்த அநீதிக்கு ஈடு காண.

சிக்கல் என்னவென்றால், மதமும் அதிலே பின்னிக் கிடக்கிறது. 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி, பட்டியல் சாதியார் என்ற தகுதி இந்துக்களுக்கே என்றிருந்தது. 1956-இல் சீக்கியருக்கும், 1990-இல் பௌத்தருக்கும் நீண்டது. கிறித்தவராகவோ இசுலாமியராகவோ மாறியவருக்கு இன்னும் இல்லை. தமிழ்நாட்டிலே இசுலாமியருக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு 2007-இல் வந்தது. ஆகவே மதக் கட்டத்தை ஒரே கோட்டில் அடித்துவிட என்னாலும் இயலவில்லை. ஆனால் ஒதுக்கீடு கோருவோர்க்கு வருவாய்த் துறை சான்றிதழ் தருகிறதே! கோருகிற இடத்திலே காட்டினால் போதாதா? ஐந்து வயதிலேயே எல்லோரிடமும் எழுதி வாங்குவானேன்?

சாதி, மதம் குறிப்பிட விரும்பாத பெற்றோர் அக்கட்டங்களை வெறுமையாக விடலாமென்று தமிழக அரசு 1973-இலேயே ஆணையிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-இல் தீர்ப்பளித்தனர். பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டுமென்கிறது 2023-ஆம் ஆண்டுச் சட்டம். அரசுக்கோ அதே சட்டம் தாராளமாக விலக்கும் தருகிறது! இங்கும் இசைவு பெற்றோருடையதே. பதினாறு வயதிலே பெரியாரைப் படித்துவிட்டுத் தந்தையோடு மாறுபட்டு நிற்கும் மாணவனின் இசைவை எந்தச் சட்டமும் கேட்கவில்லை. பதினெட்டு நிறைந்ததும் பழைய பதிவை அழிக்கும் உரிமையாவது அவனுக்கு வேண்டும்.

1973-இன் ஆணையைப் பெற்றோரிடம் எத்தனை ஆசிரியர்கள் எடுத்துரைக்கிறோம்? வருகிற சூன் மாதச் சேர்க்கையின்போது, மதக் கட்டத்தை வெறுமையாக விடலாமென்று ஒவ்வொருவரிடமும் சொல்வது, ஒதுக்கீட்டுக்கு அது தேவைப்படுவோர்க்கு அதையும் விளக்கிச் சொல்வது என்று நானும் உடன் பணிபுரியும் ஆசிரியர் இருவரும் முடிவு செய்திருக்கிறோம். எழுத விரும்புவோர் எழுதட்டும்.