வேடமும் வாளும்



சேக்கிழார் சுவாமிகள் 12-ஆம் நூற்றாண்டில் தில்லையிலிருந்து அருளிச்செய்த திருத்தொண்டர் புராணத்தை நாம் பூசித்தும் பாராயணஞ் செய்தும் வருகின்றோம். ஆறுமுக நாவலர் 1852-ஆம் ஆண்டில் அதனை வசன நடையில் வெளியிட்ட பின்னர், செய்யுட் பயிற்சி இல்லாதாரும் அச்சரிதங்களை எளிதில் அறியலாயினர். அங்ஙனம் அறிந்த இளைஞருட் சிலர் நம்மை நோக்கி ஒரு வினா எழுப்புகின்றனர். “அன்புநெறியே சைவநெறி என்கின்றீர்கள், உங்கள் அடியார் சரிதங்களிலோ வாளும் மழுவும் குருதியும் மலிந்துள்ளனவே, இதற்கு யாது சமாதானம்?” என்பதே அவ்வினா.

இவ்வினாவுக்கு ஒரு சாரார், அவையெல்லாம் உருவகம் என்று விடையிறுப்பர். மற்றொரு சாரார், அடியார் செயலை ஆராய்வது அபசாரம் என்று வாய்மூடச் செய்வர். முன்னையது நூலின் மெய்ம்மையைக் குலைக்கும். பின்னையது வினாவினானைப் புறத்தே தள்ளும். உள்ளதை உள்ளவாறு ஒப்புக்கொண்டு ஆராய்வதே சித்தாந்திகட்கு அழகு.

சண்டேசுர நாயனார் சிவபூசைக்கு இடையூறு செய்த தந்தையாரின் கால்களைத் துணித்தார். கோட்புலி நாயனார், இறைவர் திருவமுதுக்கென்று தாம் சேமித்த நெல்லை வற்கடத்தில் எடுத்துண்ட சுற்றத்தாரை வாளால் மாய்த்தார். உண்டவர் பசியால் வருந்தியவர். மாய்ந்தாருள் அந்நெற்சோற்றை உண்ணாத ஒரு பசுங்குழவியும் உண்டு. இதனைப் படிக்குங்கால் உள்ளம் நடுங்குமாயின், அந்நடுக்கம் பத்திக் குறைவன்று. அகப்பூசைக்குரிய எட்டு மலர்களுள் கொல்லாமையை முதல் மலராக வைத்த சமயத்திற் பிறந்தோர்க்கு அந்நடுக்கம் இயல்பேயாம்.

அற்றேல், அச்செயல்களை யாங்ஙனம் கொள்வது எனின், கூறுதும். அரனடிக்கு அன்புடையார் செய்யும் பாவமும் அறமாய் முடியும் என்றும், அன்பிலார் செய்யும் புண்ணியமும் பாவமாய் முடியும் என்றும் சிவஞான சித்தியார் கூறி, தக்கன் வேள்வியையும் சண்டேசுரர் செயலையும் எடுத்துக்காட்டும். இக்கருத்து நெருப்பை ஒத்தது. அடுப்பிலிருந்தால் அமுதாக்கும், கூரையிற் பட்டால் குடியைக் கெடுக்கும். “யான் சிவன்பொருட்டுச் செய்தேன், ஆதலின் என் கொலையும் அறமே” என்று ஒருவன் வாதிப்பானாயின், அவ்வாதத்தில் முன்னிற்பது “யான்” என்னும் சொல் அன்றோ? சித்தியார் கூறிய அன்பு, யான் எனதென்னும் செருக்கு அற்றவிடத்து விளைவது. எனவே தன் வன்செயலுக்கு இவ்வுரையைத் துணைக்கு அழைப்பவன், அழைக்கும் அச்செயலாலேயே அதற்கு உரியனல்லனாகின்றான்.

அன்றியும், அச்சரிதங்களின் முடிவில் இறைவன் தானே எழுந்தருளி நிகழ்ந்ததனைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொள்கின்றான். கோட்புலியார் வாளாற் பட்டோர் பாசம் நீங்கிப் பேறு பெற்றனர் என்று அவனே அறிவிக்கின்றான். அவன் ஏற்றான் என்பது நிகழ்ச்சி. நாமும் அங்ஙனம் செய்க என்பது விதி. நிகழ்ச்சி கூறும் நூலில் இல்லாத விதியை நாம் ஏற்றிக் கூறுதல் பெரும்பிழையாம்.

இனி, வன்செயலின் இயல்பையே நம் ஆசிரியர் ஆராய்ந்து காட்டும் இடங்கள் சிலவுள. அவற்றுள் இரண்டனை இணைத்து நோக்குவோம்.

திருச்சங்கமங்கையிற் பிறந்த சாக்கிய நாயனார் காஞ்சியிற் புத்த சமயத்தைச் சார்ந்திருந்தார். பின்னர், வினையும், அதனைச் செய்வானும், அதன் பயனும், அப்பயனைக் கூட்டுவிப்பானும் என நான்கு உண்டென்று தெளிந்து சிவனே முதல்வன் எனக் கண்டார். கண்டும் தாம் பூண்ட வேடத்தை மாற்றிற்றிலர். நாடோறும் இலிங்கத்தின்மேல் ஒரு கல்லை எறிந்த பின்னரே உணவு கொண்டார். புறத்தே நோக்குவார்க்கு அது பகைவன் செயல். அகத்தே நோக்கும் இறைவனுக்கோ அது மலர்.

திருக்கோவலூரில் இதற்கு மறுதலையாய ஒன்று நிகழ்ந்தது. மெய்ப்பொருள் நாயனாரிடம் போரிற் பன்முறை தோற்ற முத்தநாதன் என்பான் திருநீறு பூசிச் சடைமுடி தாங்கி, புத்தகக் கவளிகையுள் ஆயுதத்தை மறைத்துக்கொண்டு அரண்மனை புகுந்தான். ஆகமம் உபதேசிக்க வந்தேன் என்றான். நாயனார் தேவியாரை அகலச் செய்து, அவனை உயர்ந்த ஆசனத்தில் இருத்தித் தாம் தரைமேல் அமர்ந்து வணங்கினார். அந்நிலையில் அவன் கவளிகையை அவிழ்த்துத் தான் கருதியதனை முடித்தான்.

ஆண்டுக் கல்லுள் அன்பிருந்தது. ஈண்டுப் புத்தகத்துள் கொலையிருந்தது. ஆதலின் வன்செயலென்பது கருவியைப் பொறுத்ததன்று என்பதும், ஒருவன் மற்றொருவனைத் தனக்கு அயலானாகக் கருதும் உள்ளத்திலேயே அது பிறக்கின்றதென்பதும் பெறப்படும். வேடம் அவ்வுள்ளத்தை மறைக்கும், மாற்றாது.

ஈண்டு ஓர் ஆசங்கை: நாயனார்க்கு அம்முடிவு பிராரத்த வினையால் வந்ததாயின் முத்தநாதன் மேற் குற்றம் யாது? பட்டவர்க்கு அது நுகர்வினை. செய்தவனுக்கோ அது புதிதாக ஈட்டிய ஆகாமியம். நுகர்ச்சி வருமாற்றை உயிர் தெரிந்தெடுத்தல் இயலாது. அது வருங்கால் யாது செய்வது என்பதில் அதன் இச்சையும் அறிவும் செயலும் தொழிற்படுகின்றன. முத்தநாதன் தன் தெரிவைச் செய்தான்; நாயனாரும் தம் தெரிவைச் செய்தார். மெய்க்காவலனாகிய தத்தன் வாளை ஓங்கி ஓடிவந்தபோது, குருதி சோர விழுகின்ற நாயனார் அவனைத் தடுத்து, இவர் நம்மவர் என்றனர். இடையூறின்றி ஊர் கடத்தி விடுமாறும் பணித்தனர்.

சிவஞானபோதத்தின் எட்டாம் சூத்திரத்தில் மெய்கண்டதேவர் ஓர் உவமை கூறுவர். அரசகுமாரன் ஒருவன் வேடர் நடுவில் வளர்ந்து தன்னை மறந்தாற்போல, உயிர் ஐம்புலன்களாகிய வேடர் நடுவில் வளர்ந்து தன் இயல்பை மறந்திருக்கின்றது. முதல்வன் குருவாய் வந்து நீ இன்னான் என உணர்த்த, அது அவ்வேடரை விட்டு, அயன்மையின்றி அரன் திருவடியை அடைகின்றது. இதனால் நாம் அறிவது யாதெனின், அயன்மை உயிர்க்கு இயல்பன்று, ஆணவத்தால் வந்த மறதி என்பதாம். கொல்ல வந்தானை நோக்கி “நம்மவர்” எனக் கூறிய நாயனார், குரு செய்யத்தக்க உணர்த்துதலைச் சாவின் வாயிலில் நின்று செய்தனர் என்க.

அவ்வுணர்த்துதலால் முத்தநாதன் திருந்தினானோ? சேக்கிழார் அதுபற்றி ஒன்றும் கூறிற்றிலர். கானகத்தின் எல்லையில் அவனை விடுகின்றார். பின் அவனை நோக்குகின்றிலர். பகைவன் திருந்துவான் என்னும் பயனைக் கருதிச் செய்வது வாணிகம். கருதாது செய்வதே அருள்.

பகைவரிடை அயன்மை விளைதல் வியப்பன்று. அன்பரிடையே அது விளையுமாற்றை ஏயர்கோன் கலிக்காம நாயனார் சரிதம் காட்டும். திருவாரூரில் சுந்தரமூர்த்தி சுவாமிகள் பரவையார்பால் இறைவனையே தூதுவிட்டார் என்று கேட்ட கலிக்காமர் ஆற்றொணாச் சினங் கொண்டனர். அச்சினத்தின் வேர் வெறுப்பன்று. ஆண்டவனை ஏவல் கொள்வதோ என்னும் பத்தியே. இறைவன் அவர்க்குச் சூலைநோய் தந்து, அதனைச் சுந்தரரே தீர்ப்பர் என்றருளினன். அவரால் தீர்க்கப்படுவதினும் நோயே நன்றென்ற கலிக்காமர், சுந்தரர் வருகின்றார் என்று கேட்டவுடன் தம் வயிற்றைத் தாமே கிழித்து மாய்ந்தார். பிறர் கையால் நலம் பெறுதல் மானமுடையார்க்கு எத்துணை அரிது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டுதல் இயலாது. அவர்தம் மனைவியார் துயரை அடக்கி விருந்தினரை எதிர்கொண்டனர். உண்மை கண்ட சுந்தரர் தாமும் அவ்வாறே மாய்வேன் என்று வாளைப் பற்றினர். அக்கணத்திற் கலிக்காமர் திருவருளால் உயிர்பெற்றெழுந்து அவர் கையிலுள்ள வாளைப் பிடித்துக்கொண்டனர். வாதத்தால் தீராத பிரிவு, ஒருவர் மற்றவர்க்காகத் தம்மை இழக்கத் துணிந்தவிடத்துத் தீர்ந்தது.

அன்பர்களே! நாம் மெய்ப்பொருளார் அல்லேம், சுந்தரரும் அல்லேம். நமக்கு அணுகத்தக்கவன் தத்தன். கண்முன் தன் தலைவனைக் கொன்றவனை அவன் காண்கின்றான், கையில் வாளிருக்கின்றது, நியாயமும் தன்பக்கத்ததே. ஆயினும் வாளைத் தாழ்த்தி, அக்கொலைஞனுக்கே காவலாய்த் தெருவில் நடக்கின்றான். செய்தி கேட்டுச் சினந்து சூழ்ந்த நகரமாந்தரை அரசன் ஆணை கூறி விலக்குகின்றான். தன் சினத்தையும் ஊரார் சினத்தையும் ஒருங்கே அடக்கிய அவ்வழிநடை, நூறு போரினும் அரியதன்றோ? அவன் திரும்பிவந்து கூறுமளவும் நாயனார் உயிர் தாங்கியிருந்தனர் என்பதனால் அதன் பெருமை விளங்கும்.

நம் சமயம் இகழப்பட்டது என்று கேட்டவுடன் நம் உள்ளத்தில் தெருவிற் சூழ்ந்த அக்கூட்டம் எழுகின்றது. அப்பொழுது நம்முள் தத்தன் ஒருவன் முன்வரல் வேண்டும். தொடக்கத்திற் கூறிய வினாவொடு வரும் இளைஞனையும் அயலானென்று ஒதுக்கற்க. அவன் ஏந்தி வந்தது வாளன்று, ஒரு வினா. கொலைஞனையே நம்மவன் என்ற குடியிற் பிறந்த நாம், கேள்வி கேட்டவனைப் பிறனென்று தள்ளுவோமாயின், திருநீறும் உருத்திராக்கமும் நம்மேலும் வேடமாகவே நிற்கும்.

அங்ஙனம் நில்லாதவாறு திருவருள் காக்க.

திருச்சிற்றம்பலம்.